ஈகே3 சாமான்களை விற்று பி16ஏ போடலாமா?

கல்லடி_ஈகே (வெள்ளி, இரவு 10.12)

இரண்டு வருடமாக ஓரத்தில் நின்று வாசித்தவன், முதல் தடவையாக எழுதுகிறேன். கார் 1998 ஹொண்டா சிவிக், ஈகே3 மொடல். என்ஜின் டி15பி, மூன்று கட்ட விடெக் (வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹொண்டா முறை), மனுவல் கியர். அப்பா வைத்திருந்த கார், ஆகவே காரை மாற்றும் பேச்சே இல்லை. என்ஜினை மாற்றத்தான் ஆசை. கொழும்பில் ஒருவர் பி16ஏ என்ஜின் ஒன்றை கியர் பொக்ஸ், வயரிங், ஈசியு (என்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) எல்லாம் சேர்த்து எட்டு இலட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். கையில் இருப்பது மூன்று. மிச்சத்துக்குக் காரில் இருப்பதை விற்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

டிஇ37 ரிம் நாலு, 15 அங்குலம், டயரோடு: 2,40,000
கொயில் ஓவர் செட் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷொக்கும்): 1,50,000
4-2-1 ஹெடரும் (என்ஜினிலிருந்து புகை வரும் குழாய்) சைலன்சரும்: 60,000
ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங்: 35,000

கூட்டினால் 4,85,000. கையில் இருப்பதோடு 7,85,000. குறையும் பதினையாயிரத்தை அம்மாவிடம் கேட்டுக்கொள்வேன். இவை தவிர, காரோடு வந்த ஒரிஜினல் சாமான்கள் பின் விறாந்தையில் குவியலாகக் கிடக்கின்றன. 14 அங்குல ரிம், ஷொக், எயார் பேக் உள்ள ஸ்டியரிங், பழைய சைலன்சர், ஹெட்லைட், இன்னும் ஏதேதோ. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அம்மா தினமும் ஏசுகிறார்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போடவா, தனித்தனியாகவா? விலை சரியா?

கடைசிவிலை (வெள்ளி, இரவு 10.15)

ரிம் கடைசி விலை என்ன?

காத்தான்குடி_சாமான் (வெள்ளி, இரவு 11.03)

தம்பி, இப்போதுதான் கடையை மூடிவிட்டு வந்து இதைப் பார்க்கிறேன். இரும்புக்காரர் நாளைக்குக் காலையில் வந்தால் தயவுசெய்து கதவைத் திறக்க வேண்டாம்.

நீங்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். கல்லடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் கொயில் ஓவர் தேடுகிறவர் எத்தனை பேர் இருப்பார்? எனக்குத் தெரிந்து ஆறேழு பேர். அவர்களில் பாதிப்பேர் இந்த இழையிலேயே இருக்கிறார்கள், காசு இல்லாமல். ஆனால் ஈகே3க்கு ஒரிஜினல் ஹெட்லைட், கதவுக் கைபிடி, பின் ஷொக், பவர் ஷட்டர் சுவிட்ச் என்று கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் ஊரில் ஓடியது பழைய கார்தான். வரத் தொடங்கிய பிறகும் வரியைப் பார்த்துவிட்டு ஆட்கள் பழைய காரையே திருத்துகிறார்கள். அவர்களுக்கெல்லாம் வேண்டியது உங்கள் விறாந்தைக் குவியல்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கொயில் ஓவரைக் கழற்றி விற்ற பிறகு கார் எதில் நிற்கும்?

கல்லடி_ஈகே (வெள்ளி, இரவு 11.20)

காத்தான்குடிக் காக்கா, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரிஜினல் ஷொக் நாலும் இருக்கின்றன. பின் இரண்டில் எண்ணெய் வடிந்த ஞாபகம்.

ஆலையடிவேம்பு_பாஸ் (சனி, காலை 6.40)

தம்பி, முப்பது வருடமாகக் கராஜில் நிற்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

2019ல் என்னிடமும் ஒரு ஈகே இருந்தது. வெள்ளைக் கார். ஹெடர் போட்ட அன்று பழைய சைலன்சரைக் கட்டலிஸ்டோடு (புகையைச் சுத்தமாக்கும் பகுதி) ஒரு ஆளிடம் ஆறாயிரத்துக்குக் கொடுத்தேன். துருப்பிடித்த குழாய்க்கு ஆறாயிரம் என்று எனக்குள் சிரிப்பு. அந்த ஆள் எனக்கு மேலால் சிரித்திருப்பான். கட்டலிஸ்ட்டுக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது, அதற்காகத்தான் அதைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். அடுத்த வருடம் எமிஷன் புகைப் பரிசோதனைக்குப் போனேன். காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் எல்லை தாண்டின. எமிஷன் துண்டு இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. திரும்ப ஒரு ஒரிஜினல் சைலன்சரைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் குருநாகலில் ஒன்று கிடைத்தது. விலையைச் சொல்லமாட்டேன், வீட்டுக்காரியும் இதை வாசிப்பா.

அதனால் அந்தக் குழாயை மட்டும் விறாந்தையிலிருந்து அசைக்காதே.

இப்போது என்ஜின். உன்னுடைய டி15பி மூன்று கட்டம், புதிசில் 130 குதிரை வலு. பி16ஏ, ஈகே4ல் வந்தது, 170. வித்தியாசம் நாற்பது. எட்டு இலட்சத்தை நாற்பதால் பிரி. ஒரு குதிரை இருபதாயிரம். அதுவும் இரண்டும் புதிசாக இருந்தால். உனக்கு வரப்போகிற என்ஜின் எவ்வளவு காலம் ஓடியது என்று விற்கிறவருக்கே தெரியாது. கூலி, மவுண்ட், ட்ரைவ் ஷாஃப்ட், கியர் லிங்கேஜ், கிளட்ச் எதுவும் அந்த எட்டுக்குள் இல்லை.

ஏறாவூர்_டர்போ (சனி, காலை 9.15)

பாஸ் அண்ணன் எப்போதும் இப்படித்தான், கணக்குச் சொல்லியே ஆளைப் படுக்கப் போடுவார் 😄

மச்சான், பி16ஏ 8000க்கு மேல் ஏறும்போது வரும் சத்தத்தைக் குதிரைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆசை இருந்தால் போடு. ஆனால் வாங்கும்போது இரண்டைப் பார். கியர் பொக்ஸ் கேபிள் கிளட்சா, ஹைட்ரோலிக்கா? 91 வரைக்கும் வந்தது கேபிள், உன் காருக்கு நேரே ஏறாது. அப்புறம் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம். என்ஜின் சூடாக, அக்ஸிலேட்டர் முழுதாக மிதித்தபடி எடுக்கவேண்டும். ஹொண்டா புத்தகத்தில் எந்த இரண்டு சிலிண்டருக்கும் இடையில் 28 பிஎஸ்ஐ வரைக்கும்தான் வித்தியாசம் அனுமதி. வீடியோ அனுப்பமாட்டேன் என்றால் அந்த ஆளை விடு.

ஈசியுவைத் திறந்து பார்க்கவும் சொல். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரில் நின்ற சாமான் நிறையச் சந்தைக்கு வந்தது. சொக்கட்டின் பின்களில் பச்சையாகப் பூத்திருந்தால் அது குளித்த சாமான். நான் ஒரு தடவை வாங்கி ஏமாந்தேன். இரண்டு கிழமை நன்றாக ஓடியது, மூன்றாம் கிழமை வந்தாறுமூலையில் நடுத்தெருவில் நின்றது.

அது சரி, ரிம் உண்மையிலேயே டிஇ37தானா? படத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்.

கல்லடி_ஈகே (சனி, காலை 10.02)

வாங்கிய இடத்தில் ஒரிஜினல் ரேஸ் கம்பனி ரிம் என்றுதான் சொன்னார்கள். உள்பக்கத்தில் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பான் தர முத்திரையும் இருக்கிறது.

ஏறாவூர்_டர்போ (சனி, காலை 10.10)

ஜேடபிள்யூஎல் முத்திரையைப் பிரதியிலும் வார்த்துவிடுவார்கள், அதை நம்பாதே. நிறுத்துப் பார். 96ல் அந்த ரிம் வந்தபோது 15க்கு 6 அளவு 3.7 கிலோ. பெயரில் இருக்கும் 37 அதுதான். அடித்துச் செய்த ரிம், வார்த்ததல்ல. உன்னுடையது ஆறரை அகலம், கொஞ்சம் கூடும். ஆனால் ஆறு கிலோ ஆகாது.

கல்லடி_ஈகே (சனி, மாலை 5.48)

டயர் கடையில் ஒரு ரிம்மைக் கழற்றினேன். வீட்டுத் தராசு இரண்டு கிலோவுக்கு மேல் காட்டாது. பக்கத்து வீட்டு மாமா மீன் விற்பவர், அவருடைய டிஜிட்டல் தராசு இருந்தது. காலை வியாபாரம் முடிந்து கழுவிக் காயவைத்திருந்தார். ரிம்மைக் கவிழ்த்து வைத்தோம். இலக்கம் கொஞ்சம் ஆடி, 6.310ல் நின்றது.

மாமா கேட்டார்: "என்ன தம்பி, பாரை மீனென்றால் கிலோ கூடினால் சந்தோஷப்படலாமே, நீ ஏன் இப்படிப் பார்க்கிறாய்?"

இன்னொன்றையும் கழற்றி வைத்தேன். 6.285.

மருதமுனை_ஸ்விஃப்ட் (சனி, மாலை 5.55)

😢😢

காத்தான்குடி_சாமான் (சனி, இரவு 9.30)

தம்பி, கவலை வேண்டாம், பிரதி ரிம்முக்கும் ஆள் உண்டு. ஆனால் "டிஇ37" என்று போடாதீர்கள், "அந்த மாதிரி வடிவம், பிரதி" என்று போடுங்கள். டயரோடு எண்பது, தொண்ணூறு வரைக்கும் போகும். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். அதன் படத்தையும் போடுங்கள், இல்லாவிட்டால் நாற்பது பேர் அதையே கேட்பார்கள்.

போல்ட் இடைவெளி 4க்கு 100 என்பதை மறக்காமல் எழுதுங்கள். அப்படி எழுதினால் கொரோலா 110 காரரும் சன்னி எஃப்பி15 காரரும்கூடக் கேட்பார்கள். நடுத்துளை மட்டும் ஒத்து வராது. ஹொண்டாவுக்கு 56.1, கொரோலாவுக்கு 54.1, சன்னிக்கு 59.1. நடுத்துளையின் இடைவெளியை அடைக்கும் ரிங் போடாமல் பூட்டினால் 80க்கு மேல் ஸ்டியரிங் ஆடும். பிறகு ரிம் வளைந்தது என்று சொல்லி உங்களிடமே திரும்பக் கொண்டுவருவார்கள்.

களுதாவளை_வெத்திலை (ஞாயிறு, காலை 7.25)

இந்த இழையில் ஒரு பெண் குரலும் இருக்கட்டும். போன வருடம் ஸ்விஃப்டின் சாமான்களை விற்றுத்தான் நான் டயரும் பிரேக்கும் போட்டேன். என் தம்பி விற்றபோது நாலு மாதம் கிடந்த அதே சாமான், நான் போட்டபோது ஒன்பது நாளில் போனது. வேறு எதுவும் இல்லை, படம்தான். அவன் இரவில், கராஜ் தரையில், கால்விரலும் தெரிய எடுத்திருந்தான். நான் காலை ஏழு மணிக்கு வாசலில் வெள்ளைத் துணி விரித்து எடுத்தேன். கீறல் இருந்த இடத்தில் விரல் வைத்து ஒரு படம். அந்தக் கீறல் படத்தைப் பார்த்துத்தான் வாங்கியவர் வந்தார். "மற்ற ஆட்கள் கீறலை மறைப்பார்கள், நீங்கள் காட்டுகிறீர்கள்" என்றார்.

காசு விஷயம் முக்கியம். வங்கிச் சிட்டையின் படத்தை அனுப்பி, "காசு போட்டாச்சு, பஸ்ஸில் ஏற்றுங்கள்" என்பார்கள். படத்தை யாரும் செய்யலாம். உங்கள் கணக்கில் விழுந்ததைக் கண்ணால் கண்ட பிறகு ஏற்றுங்கள். எனக்கு வந்த ஒருவர் சிட்டையில் திகதியை மாற்ற மறந்துவிட்டார், போன மாதத் திகதி. கேட்டவுடன் தொடர்பு அறுந்தது.

வீட்டுக்கும் யாரையும் வரச் சொல்ல வேண்டாம். டயர் கடையிலோ கராஜிலோ சந்தியுங்கள். உங்களிடம் வேறு என்ன கார், என்ன சாமான் இருக்கிறது என்று விறாந்தையில் கண்ணோட்டம் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசிவிலை (ஞாயிறு, காலை 7.31)

கொயில் ஓவர் கடைசி விலை?

கல்லடி_ஈகே (ஞாயிறு, பகல் 1.10)

நன்றி அக்கா. வெள்ளைத் துணிக்கு அம்மாவின் பழைய சேலையை எடுத்தேன். ஏச்சும் வாங்கினேன்.

கொயில் ஓவரில் இரண்டு சிக்கல். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நாலு வருட உப்புக் காற்றில் உயரம் மாற்றும் வளையங்கள் இறுகிப்போய்விட்டன. சாவி போட்டால் சாவிதான் வளைகிறது. பின் இடது ஷொக்கில் தண்டைச் சுற்றி ஈரமாகத் தூசி ஒட்டியிருக்கிறது. துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓடினேன், திரும்ப அதே இடத்தில் ஈரம். துடைத்துவிட்டுப் படம் எடுத்தால் யாருக்கும் தெரியாதுதான்.

மருதமுனை_ஸ்விஃப்ட் (ஞாயிறு, பகல் 1.22)

துடைத்துவிட்டு எடுங்க ப்ரோ. பழைய சாமான் வாங்குகிறவனுக்குத் தெரியாதா? எல்லோரும் அப்படித்தான் விற்கிறார்கள். "இருக்கும் நிலையில் விற்பனை" என்று போட்டால் முடிந்தது.

ஆலையடிவேம்பு_பாஸ் (ஞாயிறு, பகல் 2.05)

கொழும்பில் அப்படி விற்கலாம். வாங்கியவனைத் திரும்பக் காணமாட்டாய். இங்கே இந்தக் கரையோரத்தில் ஒரே தெரு. மட்டக்களப்பில் விற்றதை வாங்கியவன் அடுத்த வெள்ளி என் கராஜுக்குத்தான் கொண்டுவருவான். "பாஸ், இது எங்கே கசியுது?" என்பான். நான் பொய் சொல்லவா?

மருதமுனை_ஸ்விஃப்ட் (ஞாயிறு, பகல் 2.11)

நீங்கள் சொல்வதும் சரி. ஆனால் எல்லாக் குறையையும் எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள். எனக்கு நடந்தது. ஹெட் யூனிட் ஒன்றுக்கு "சில நேரம் புளூடூத் விடும்" என்று உண்மையை எழுதினேன். எட்டு மாதம் அலுமாரியில் கிடக்கிறது.

காத்தான்குடி_சாமான் (ஞாயிறு, இரவு 8.50)

கசிவை எழுதுங்கள், அதற்கான விலையையும் நீங்களே குறைத்துவிடுங்கள், அவர் குறைக்கும் முன்பு. ஷொக் ஒன்றைத் திறந்து சீல் மாற்ற ஆகும் செலவைக் கேட்டு எழுதினால் வாங்குபவருக்குப் பயம் போய்விடும். என்ன பிழை என்று தெரியாத சாமானுக்குத்தான் ஆள் தயங்குவார்.

வளையத்துக்கு: கழற்றி நிற்கவையுங்கள், டீசல் ஊற்றி ஒரு இரவு விடுங்கள், பிறகு பித்தளைக் கம்பி பிரஷ். இரும்பு பிரஷ் வேண்டாம், புரி போய்விடும். சாவியைச் சுத்தியலால் அடிக்கவே வேண்டாம்.

எயார் பேக் ஸ்டியரிங்கைக் கவனமாகக் கையாளுங்கள். அதற்குள் வெடிமருந்துதான் இருக்கிறது. காரில் பூட்டும்போதோ கழற்றும்போதோ பெற்றரி வயரை எடுத்துவிட்டு மூன்று நிமிடமாவது பொறுங்கள். மேசையில் முகப்பு மேலே பார்க்க வையுங்கள். இன்னொருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 2001 முதல் 2005 வரை வந்த சிவிக்கின் பழைய எயார் பேக்கை யாரும் மலிவென்று வாங்கிப் போட வேண்டாம். டகாட்டா என்ற கம்பனி செய்த எயார் பேக் பிரச்சினையில் உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தவற்றில் அந்தக் கூட்டமும் உண்டு. வெடிக்கும்போது இரும்புத் துண்டு முகத்துக்கு வரும்.

ஸ்காபரோ_வாவிமகன் (திங்கள், காலை 6.02)

இங்கே கனடாவில் பனி, உங்கள் இழையை வாசித்துக்கொண்டு இருக்கிறேன். கல்லடிப் பாலத்தடியில் வளர்ந்தவன். இங்கே ஈகே என்றால் பனிக்கு உப்புப் போட்ட தெருவில் ஓடி அடித்தளமே துருப்பிடித்துப்போன காரைத்தான் பார்க்கலாம். தம்பி, ஒரிஜினல் ரிம் நாலும் நல்லதாக இருந்தால் இங்கே அனுப்ப முடியுமா? நல்ல விலை தருவேன்.

களுதாவளை_வெத்திலை (திங்கள், காலை 6.40)

அண்ணா, நாலு ரிம்மை விமானத்தில் அனுப்பும் கூலிக்கு இங்கே இன்னொரு செட் வாங்கலாம். ஊருக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள், மீன் குழம்பும் சாப்பிட்டதாக இருக்கும்.

ஏறாவூர்_டர்போ (திங்கள், பகல் 12.30)

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. எந்த மாதம் விற்கிறாய்? ஏப்ரலில் நுவரெலியாவில் மஹகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம், 1934லிருந்து நடப்பது. அதற்கு முன்னால் பெப்ரவரி, மார்ச்சில் மலைநாட்டுப் பொடியன்கள் கொயில் ஓவர், ஹெடர் தேடுவார்கள். என் ஸ்டார்லெட்டின் பழைய சாமான்களை மார்ச் முதல் கிழமையில்தான் போடுவேன், கண்டியிலிருந்தும் பதுளையிலிருந்தும்தான் கேட்பார்கள். நம்முடைய பக்கத்தில் நவம்பர், டிசம்பரில் காரைத் தாழ்த்தும் சாமான் வாங்க யார் வருவார்? தெருவில் முழங்கால் தண்ணீர்.

டர்போ விற்கும் யாரும் இருந்தால்: தண்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், அந்தத் திசையில் ஆட்டமே தெரியக்கூடாது. மேலும் கீழும் ஒரு துளி ஆடினால் பரவாயில்லை, ஆனால் இறகு சுவரில் உரசக்கூடாது. அதை வீடியோவில் காட்டினால் பாதிக் கேள்வி குறையும்.

ஆலையடிவேம்பு_பாஸ் (திங்கள், இரவு 7.45)

தம்பி, பி16ஏ போட்ட பிறகு டி15பியை விற்று மிச்சக் கடனை அடைக்கலாம் என்று உள்பெட்டியில் எனக்கு எழுதியிருந்தாய். பொதுவில் பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

உன் காரின் பதிவுப் புக்கில் இருப்பது டி15பியின் இலக்கம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ஜின் மாற்றத்தைப் பதியும் வரைக்கும் பழைய என்ஜினைக் கையை விட்டு விடாதே. புதிய என்ஜின் எங்கிருந்து வந்தது என்ற பற்றுச்சீட்டு உன் பெயரில் இருக்கட்டும். ஹாஃப் கட் (வெட்டிய முன்பாதிக் கார்) விற்கிறவர் துண்டுத் தாளில் எழுதித் தந்தால் போதாது. புக்கில் ஒரு இலக்கம், போனட்டுக்கு அடியில் இன்னொரு இலக்கம் என்றால், வேகத்துக்கு மறிக்கும் பொலிஸைவிட, விபத்து நடந்த நாளில் வரும் காப்புறுதிக்காரன்தான் உனக்குத் தலையிடி.

உன் டி15பியை வாங்கப் போகிறவனுக்கும் அதே மாதிரிப் பற்றுச்சீட்டு உன்னிடமிருந்து வேண்டும். இல்லாவிட்டால் அவன் கையில் இருப்பது திருட்டு என்ஜின் மாதிரித்தான்.

கல்லடி_ஈகே (செவ்வாய், இரவு 11.40)

இன்றைக்கு முழுக்க யோசித்தேன். நாளைக்கு ரிம்மும் ஸ்டியரிங்கும் மட்டும் போடுகிறேன். மற்றது பிறகு.

கடைசிவிலை (புதன், காலை 8.00)

ஸ்டியரிங் கடைசி விலை?

கல்லடி_ஈகே (ஐந்து கிழமைக்குப் பிறகு, ஞாயிறு மாலை 4.20)

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். விற்றாயிற்று.

ரிம், டயரோடு 85,000. சம்மாந்துறைக்காரர், கொரோலா 110. ரிங் தேவை என்று முன்பே எழுதியிருந்ததால் ரிங்கையும் வாங்கிக்கொண்டுதான் வந்தார். எடையையும் எழுதியிருந்தேன். "முதல் தடவையாக ரிம்மை மீன் தராசில் நிறுத்த ஆளைப் பார்க்கிறேன்" என்று சிரித்தார். பேரம் பேசவே இல்லை.

கொயில் ஓவர் 70,000, பதுளைக்கு. கசிவை எழுதினேன், சீல் செலவையும் எழுதினேன். டீசல் வேலை செய்தது காக்கா, மூன்று வளையம் திரும்பின, நாலாவது இன்னும் அடம். அதையும் எழுதினேன். ஹெடரையும் சைலன்சரையும் அதே ஆள் 45,000க்கு எடுத்தார். ஸ்டியரிங் 12,000. அதுவும் பிரதிதான் என்று அதற்குள் எனக்கே விளங்கிவிட்டது, நிறுத்துப் பார்க்கவில்லை.

மொத்தம் 2,12,000. முதல் நாள் போட்ட கணக்கில் பாதிகூட இல்லை.

கொழும்புக்காரரிடம் கம்ப்ரெஷன் வீடியோ கேட்டேன். முதலில் அனுப்புவதாகச் சொன்னார், பிறகு ஆள் இல்லை என்றார், பிறகு பதிலே இல்லை. சரி என்று விட்டேன். பி16ஏ ஆசை போகவில்லை, ஆனால் இந்த வருடம் இல்லை.

கார் இப்போது ஒரிஜினல் ஷொக்கில் நிற்கிறது, பின் இரண்டும் புதிசு. 14 ரிம்மில் இருந்த டயர் 2016ல் செய்தது, கல் மாதிரி இறுகியிருந்தது, நாலையும் மாற்றினேன். முன் பிரேக்குக்கு 240 மில்லிமீட்டர் தட்டை எடுத்துவிட்டு 262 போட்டேன், கேலிப்பரோடு, பழையதுதான். 14 ரிம் கேலிப்பரில் முட்டும் என்று பயந்தேன். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. போன சனிக்கிழமை செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மலை தொடங்கும் வரைக்கும் போய்த் திரும்பினேன். மாடு ஒன்று குறுக்கே வந்தது. முன்பென்றால் கண்ணை மூடியிருப்பேன்.

பழைய சைலன்சர் கட்டலிஸ்டோடு காரில் ஏறிவிட்டது, எமிஷனும் பாஸ். விறாந்தையில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. அதைக் கிளறும்போதுதான் ஹெட்லைட்டைப் பார்த்தேன். இடப்பக்கம், கண்ணாடியில் வெடிப்பில்லை, மூன்று பிடியும் முழுசு. யாருக்காவது வேண்டுமா?

கடைசிவிலை (ஞாயிறு, மாலை 4.22)

கடைசி விலை?

ஆலையடிவேம்பு_பாஸ் (ஞாயிறு, மாலை 4.31)

தம்பி, அதை ஒருவருக்கும் கொடுக்காதே! என் கராஜில் ஒரு ரீச்சரின் ஈகே ஆறு மாதமாக இடப்பக்க லைட்டைச் செலோடேப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் ஒவ்வொரு வெள்ளியும் வந்து கேட்கிறார், நான் ஒவ்வொரு வெள்ளியும் அடுத்த வெள்ளி என்கிறேன். விலையைச் சொல்.

கல்லடி_ஈகே (ஞாயிறு, மாலை 4.50)

உங்களிடம் காசு வேண்டாம் அண்ணே. முன் பிரேக் குழாய் இரண்டும் பழசு, வெடிப்பு விழுந்திருக்கிறது. உங்கள் கராஜில் நல்லது இருந்தால் அதைத் தாருங்கள், போதும்.

ஆலையடிவேம்பு_பாஸ் (ஞாயிறு, மாலை 4.53)

இருக்கிறது. புதிசு, பெட்டி உடைக்காதது. பிரேக் குழாயைப் பழசில் தரமாட்டேன். பூட்டிய பிறகு காற்று எடுக்கவேண்டும், உனக்குத் தெரியாவிட்டால் இங்கேயே வா.

கல்லடி_ஈகே (ஞாயிறு, மாலை 5.35)

அம்மாவின் அதே சேலையில் சுற்றி, மெத்தைத் துண்டு வைத்து, அரிசிச் சாக்கில் கட்டி அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். டிரைவருக்குப் பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. கண்டக்டரின் இலக்கத்தை உள்பெட்டியில் போட்டிருக்கிறேன். சேலையை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள், அண்ணே.